ஜிடிஏ வராமலே களைகட்டிய ஆண்டு

2025 பிறந்தபோது வீடியோ கேம் உலகம் ஒரே ஒரு பெயரைத்தான் ஜபித்துக்கொண்டிருந்தது: ஜிடிஏ 6. மே 2 அன்று அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதாக ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்தது. நவம்பரில் மறுபடியும் தள்ளிவைத்தது. மாப்பிள்ளையே வராத கல்யாணம்; ஆனால் பந்தி அமர்க்களம்.

அதில் முதல் பரிமாறல் பிரான்ஸின் மோன்பெலியே நகரிலிருந்து வந்தது. சாண்ட்ஃபால் என்ற புது ஸ்டுடியோவில் மையக் குழு சுமார் 30 பேர்தான். மற்ற வேலைகளுக்கு வெளியாட்களின் உதவி. அவர்களுடைய 'கிளேர் ஆப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33' ஏப்ரல் 24 அன்று வெளியானது. இரண்டு நாள் முன்புதான் 'ஆப்லிவியன்' என்ற பழைய கேம் புதுப்பொலிவோடு திடுதிப்பென்று களமிறங்கியிருந்தது. அந்தக் கூட்டத்தில் புதுமுகம் நசுங்கிப்போயிருக்க வேண்டும். மூன்றே நாளில் 10 லட்சம் பிரதிகள் விற்றன!

கதை அப்படி. ஓவியக்காரி ஒருத்தி ஆண்டுதோறும் பிரமாண்டக் கல்தூணில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதுக்காரர்கள் பூவிதழாய் உதிர்ந்து மறைகிறார்கள். எண் ஆண்டுக்கு ஒன்றாகக் குறைகிறது. சண்டை மாறி மாறி அடிக்கும் பழைய பாணிதான். ஆனால் எதிரியின் முறை வரும்போது கைகட்டி உட்கார முடியாது. வாள் இறங்கும் நொடியில் பட்டனைத் தட்டினால் அடியும் தப்பும், பதிலடியும் விழும். அந்தப் பாணி காலாவதியாகிவிட்டது என்று சொல்லித் திரிந்தவர்கள் டிசம்பரில் வாயடைத்திருப்பார்கள்: 'தி கேம் அவார்ட்ஸ்' மேடையில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட 9 விருதுகள்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரச் சிறு குழு 2019-இல் அறிவித்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்', செப்டம்பர் 4 அன்று ஒருவழியாக வந்து சேர்ந்தது. விலை 20 டாலர். வாங்க முண்டியடித்த கூட்டத்தில் ஸ்டீம் உள்ளிட்ட இணையக் கடைகள் திணறின. அதன் தேதி தெரிந்ததுமே வேறு சில சிறு கேம்கள் ஒதுங்கி வழிவிட்டன.

பெரிய வீடுகளும் சும்மா இருக்கவில்லை. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் கருவி நான்கே நாளில் 35 லட்சத்தைத் தாண்டி விற்றது. ஆனால் அதில் ஆடும் 'மரியோ கார்ட் வேர்ல்ட்' கேமின் விலை 80 டாலர்! 'அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2'-க்கு மைக்ரோசாஃப்டும் அதே விலையைச் சொல்லிப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 70-க்கு இறங்கியது.

விளையாடுகிறவருக்கு இது கொழுத்த ஆண்டு, சந்தேகமில்லை. உருவாக்குகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சுமார் 9,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. கேம் பிரிவுக்கும் பலத்த அடி. உருவாகிக்கொண்டிருந்த 'பெர்ஃபெக்ட் டார்க்' கேம் கைவிடப்பட்டது. அதை உருவாக்கிவந்த, 2018-இல் ஆரவாரமாக அறிவிக்கப்பட்ட தி இனிஷியேட்டிவ் ஸ்டுடியோ, ஒரு கேமைக்கூட வெளியிடாமல் மூடப்பட்டது.