காட்டைக் காத்தவர் பெயர் எந்தச் சிட்டாவில்?

காடு பார்த்துவிட்டு வரும் இயற்கை விவசாயிகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு திரும்புகிறோம்: "காட்டுக்கு யார் உரம் போட்டது, யார் உழுதது?" நல்ல கேள்விதான். நம்மில் பலரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டதே அதுதான். ஆனால் கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் இப்போது எங்கே?

போன வைகாசியில் நானும் வீட்டம்மாவும் இமாச்சலப் பிரதேசம் குல்லு மாவட்டத்தில் இருக்கும் பெரிய இமாலய தேசியப் பூங்காவுக்குப் போனோம். தீர்த்தன் ஆற்றங்கரை குஷைனி கிராமத்திலிருந்து, அனுமதிச் சீட்டோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் நடந்து, கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கினோம். அறுபது தாண்டியவர்களுக்கு ஏற்றம் மூச்சு வாங்கும். ஆனாலும் பார்க்க வேண்டிய இடம். தேவதாரு அடியில் கையை விட்டால் மட்கு மெத்துமெத்தென்று உள்ளே வாங்குகிறது. ஒரு பிடி அள்ளி முகர்ந்த வீட்டம்மா, "நம்ம எருக்குழி வாசம்தாங்க" என்றார்.

ஆனால் அது ஆளே இல்லாத காடாக இருந்ததில்லை. 1984இல் முதல் அறிவிப்பு, 1999இல் இறுதி அறிவிப்பு, 2014இல் யுனெஸ்கோ அங்கீகாரம். அதற்கெல்லாம் முன்னால் சுற்றுக் கிராமத்தார் கோடையில் ஆடுகளை மேல்புல்வெளிக்கு ஓட்டினார்கள்; மூலிகையும் காளானும் சேகரித்து விற்றார்கள். 1999உடன் அந்த உரிமை முடிந்தது. இழப்பீடு யாருக்கு? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டர்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தயாரித்த வன உரிமைப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களின் வாரிசுகளுக்கு. நூறு வருஷத்தில் எத்தனை குடும்பம் பெருகியிருக்கும்! பதிவேட்டில் இல்லாதவர்களுக்கு மாற்றுப் பிழைப்புத் திட்டங்கள்தான். அதில் ஒரு நல்ல காரியம், பெண்கள் குழுவாகச் சேர்ந்து தினம் ஒரு ரூபாய் சேமித்ததும், மண்புழு உரம் தயாரித்து விற்றதும். அதற்காக, போன உரிமை வந்துவிடாது.

பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜுஜுரானா என்ற அபூர்வப் பறவைக்கு அது புகலிடம். காகிதத்தில் இருப்பவனுக்கே உரிமை, உழைப்பவனுக்கு இல்லை என்ற கணக்கைத்தான் கேள்வி கேட்கிறேன்.

அந்தக் கணக்கு நமக்குப் புதிதா? வங்கியில் பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் முதலில் கேட்பது சிட்டாவும் அடங்கலும்தான். அப்படித்தான் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தேன். எங்கள் மேல்பட்டாம்பாக்கம் பக்கம், பெண்ணையாற்றங்கரையில் வாய்ப்பேச்சுக் குத்தகையில் ஓடும் நிலம் நிறைய. ஒரு தம்பி இரண்டு ஏக்கர் பிடித்து, மூணு வருஷம் தக்கைப்பூண்டு மடக்கி உழுது, அமுதக்கரைசல் விட்டு, கட்டாந்தரையாகக் கிடந்ததில் மண்புழுவை வரவழைத்தார். நாலாம் வருஷம் நிலத்துக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். "மண்ணு நல்லாயிடுச்சே, குத்தகை கூடத்தானே போகும்!" அவர் சொன்னதும் நியாயம் மாதிரிதான் தெரியும். அந்த மண்ணைத் தேற்றியது யார்?

ரசாயன விவசாயத்தில் குத்தகைக்காரர் போட்டதை அந்தப் போகத்திலேயே எடுத்துவிடப் பார்ப்பார். இயற்கை விவசாயத்தில் முதல் இரண்டு மூன்று வருஷம் போடுவது மண்ணுக்குள் வைப்பு நிதி மாதிரி. வைப்புத் தொகை ஒருவருடையது, பாஸ்புத்தகம் இன்னொருவர் பெயரில் என்றால் எந்த வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வார்? குத்தகைக்காரர்கள் இயற்கை வழிக்கு வரத் தயங்குவதற்குச் சோம்பல் காரணமல்ல, இதுதான் காரணம்.

ஆகவே மூன்று காரியம் செய்யலாம். குத்தகையை ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் எழுத்தில் போடுங்கள். இடையில் நிலத்தைத் திருப்பிக் கேட்டால் மண் தேற்றிய செலவைத் தர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. வருவாய்த் துறையிடம் போய்க் கேளுங்கள். நிலப் பத்திரம் இல்லாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கடன் வாங்க நபார்டு வழி செய்திருக்கிறது; வங்கி மேலாளர் தெரியாது என்றால் விடாமல் கேளுங்கள்.

நம்மில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இயக்கக் கூட்டத்தில் மண்ணைத் தாய் என்கிறோம். அந்தத் தாய்க்குப் பணிவிடை செய்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருப்பதும் இயற்கை விவசாயம்தான்.