தராசு ஜோசியம்

ஒரு காலத்தில் நம் ரயில் ஸ்டேஷன்களில் சிவப்பும் பச்சையுமாய் விளக்கு மினுக்கிக் கொண்டு ஒரு எடை யந்திரம் நிற்கும். மேலேறி நின்று காசு போட்டால் சிறு அட்டை ஒன்று விழும். அட்டையின் ஒரு பக்கம் எடை. மறு பக்கம் ஜோசியம். எடைக்காகக் காசு போட்டவர்களைவிட ஜோசியத்துக்காகப் போட்டவர்களே அதிகம் என்பது நமது அனுபவம். இன்று அந்த எடையே ஜோசியமாகி, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் வீட்டுக்கு வீடு குளியலறை வாசலில் வந்து உட்கார்ந்து கொண்டிருக்கின்றது.

சங்கதியைச் சொல்லி விடுவோம். மிதமிஞ்சிய பருமனால் சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு முதலியவைகளில் அவதிப்படுகின்றவர்களுக்கு, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பாகத்தை வெட்டி எடுத்தோ, குடலைத் திருப்பி இணைத்தோ செய்கின்ற ஆப்பரேஷன் ஒன்று இருக்கின்றது. தக்கவர்களுக்குத் தக்க இடத்தில் செய்தால் நல்ல பலன் உண்டு. அதை நாம் மறுக்க வரவில்லை. ஆனால் அது விளையாட்டுக் காரியமல்ல. 2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடை குறைக்கும் ஆப்பரேஷனுக்குப் படுத்த இளைஞர் ஒருவர் மாண்டு போனதும், சர்க்கார் விசாரித்து அந்த ஆஸ்பத்திரியின் அனுமதியை நிறுத்தி வைத்ததும் பத்திரிகைகளில் வந்தவைதான். இப்படி உயிரையே பணயம் வைத்துச் செய்து கொள்ளும் ஒரு காரியத்தின் பலனை அளப்பதற்கு, வெங்காயம் நிறுக்கிற சாமான் ஒன்றே போதும் என்று நினைப்பது என்ன புத்தி என்றுதான் கேட்கின்றோம்.

சேலையூர்ப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு அம்மையார். ஆப்பரேஷனுக்கு முன்பு தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். எட்டு மாதத்தில் ஊசியை டாக்டரே நிறுத்தி விட்டார். முழங்கால் வலி குறைந்தது. குறட்டை நின்று போய் வீட்டுக்காரரும் நிம்மதியாய்த் தூங்குகின்றார். இவ்வளவும் நடந்திருக்க, தராசு முள் மட்டும் ஆறு வாரமாய் ஒரே இடத்தில் நின்று விட்டதாம்! வீடே துக்க வீடாகி விட்டது. மாமியார் ஜோசியனிடம் ஓடினார். அவன் சனி என்றான். முடி கொட்டியதற்குத் திருஷ்டி என்று சுற்றிப் போட்டார்கள். அடுத்த வீட்டு அம்மாள் அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் பட்டினி விரதம் இருக்கச் சொன்னார். முள் நகர வேண்டுமே என்று அம்மையாரும் பட்டினி கிடந்தார். வாந்தி வந்தது; பாதம் மரத்துப் போயிற்று. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போய் வைட்டமின் ஊசி போட்ட பிறகுதான் நடக்க முடிந்தது.

இரைப்பை சுருங்கியவர்கள் பட்டினியும் வாந்தியுமாய்க் கிடந்தால் தையமின் என்னும் சத்து வற்றி நரம்பும் மூளையுமே கெடும் என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். மூன்றாவது மாதத்துக்கு மேல் முடி கொட்டுவதும், பெரும்பாலும் அது திரும்ப வளர்வதும் எல்லா ஊரிலும் கண்டது. எடை இடையிடையே நின்று நின்று இறங்குவதும் அப்படித்தான். இதில் சனிக்கு என்ன வேலை?

தராசின் யோக்கியதைதான் என்ன? கொழுப்பு, எலும்பு, தசை, குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கட்டி ஒரு எண்ணைச் சொல்லும். ஆப்பரேஷனுக்குப் பின் கொழுப்போடு தசையும் கரைகின்றது. தசை கரைந்து எடை இறங்கினாலும் அதற்குக் குறைவுதான். கொழுப்புப் போய்த் தசை ஏறினால் அதற்கு ஒன்றுமேயில்லை. எடையையும் உயரத்தையும் கொண்டு போடுகின்ற கணக்கும் பெரிய வேதமல்ல. 2004ல் புனாவின் டாக்டர் யாக்னிக்கும், அவருடைய வெள்ளைக்கார நண்பர் டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து பார்த்தார்கள். இருவருக்கும் அந்தக் கணக்கு 22.3 தான். ஆனால் உடற்கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! 2025 ஜனவரியில் பல நாட்டு டாக்டர்களும் கூடி, இந்தக் கணக்கை மட்டும் வைத்துக் கொண்டு பருமன் நோயைத் தீர்மானிக்கக்கூடாது என்றே எழுதி விட்டார்கள்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இது புதிதாயிருக்க வேண்டியதில்லை. 1928ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்த க்ஷயரோக சானடோரியம் பக்கத்திலேயே இருக்கின்றது. ரயில் ஸ்டேஷனுக்குப் பெயரே அதனால்தான். க்ஷயரோகிக்கு எடை ஏறினால்தான் சந்தோஷம். அங்கேயும் தராசை நம்பிக் கெட்டிருக்கலாம். ஆனால் சென்னையில் ஒரு சோதனை நடந்தது. க்ஷயரோகிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடு போட்டார்கள். மற்றவர்கள் தங்கள் ஏழைக் குடிசையிலேயே இருந்து கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றே. 1959ல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தார்தான் அதிக எடை ஏறினார்கள். ஆனால் சளியில் கிருமி ஒழிந்ததோ இரு திறத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. டாக்டர்கள் சளியைப் பார்த்தார்கள். தராசை மட்டும் பார்த்திருந்தால் குடிசைக்காரன் பிழைக்கவில்லை என்றல்லவா எழுதியிருப்பார்கள்?

ஆகவே ஆப்பரேஷன் செய்து கொண்ட தோழர்கள் டாக்டரிடம் போகும்போது எத்தனை கிலோ என்பதோடு நின்று விடாமல், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு, இரத்தக் கொதிப்பு மாத்திரை குறையலாமா, இரும்புச் சத்தும் பி12ம் டி வைட்டமினும் எப்படி இருக்கின்றன என்று கேட்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை; தயவல்ல. வைட்டமினை ஆயுள் வரை விடக்கூடாது என்பதைப் பல பேரிடம் யாரும் அழுத்திச் சொல்லுவதேயில்லை. வீட்டில் தையற்காரர் டேப் ஒன்று போதும். நம்மவரில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்பு இருந்தால் ஆபத்து என்பது கணக்கு. மாதம் ஒரு முறை அளந்து எழுதி வைக்கலாம். நாற்காலியில் கை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்திருக்க முடிகின்றது, ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கின்றோம் என்பவைகளும் அளவுதான். தராசைத் தெருவில் வீசச் சொல்லவில்லை. வாரம் ஒரு நாள் ஏறிப் பார்க்கலாம். வேகமாய் இறங்கினாலும் திரும்ப ஏறினாலும் அதுவும் ஒரு தகவல். தினம் விடிந்ததும் அதற்குத் தரிசனம் எதற்கு?

இந்தத் தரிசனத்தில் அதிகம் வதைபடுகின்றவர்கள் பெண்கள். பெண் பார்க்க வருகின்றவன் வரதட்சணையோடு எடையும் கேட்கின்றான். தொந்தியைத் தூக்கிக் கொண்டு வரும் மாப்பிள்ளையின் எடையை யாரும் கேட்டதாய் நாம் கேள்விப்படவில்லை. பெண்ணின் சர்க்கரை சீராகி, மாதவிடாய் ஒழுங்காகி, அவள் நாலு மாடி ஏறி வேலைக்குப் போகத் தொடங்கியதை ஒருவரும் விசாரிப்பதில்லை. எத்தனை கிலோ போயிற்று என்றுதான் விசாரணை. சந்தையில் ஆட்டை விலை பேசுகின்றவனாவது பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான்.

கடைசியாக, ஆப்பரேஷனுக்கு முன், பின் என்று இரண்டு படங்களைப் போட்டு, நடுவில் கிலோவைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து விளம்பரம் செய்கின்ற கனவான்களை ஒன்று கேட்கின்றோம். படத்திலுள்ளவருக்கு ஐந்தாவது வருஷத்தில் சர்க்கரை எவ்வளவு, மாத்திரை எத்தனை, பி12 எவ்வளவு, எத்தனை படி ஏறுகின்றார் என்று அவர் சம்மதத்தோடு ஏன் போடக்கூடாது? இடம் போதவில்லை என்றால் படத்தைச் சிறியதாக்கிக் கொள்ளட்டும்.