அடுப்படிக்கு ஏற்ற கல் எது?



புதிதாக வீடு கட்டுவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் இந்நாளில் தவறாது எழுப்பும் வினா ஒன்று உண்டு. சமையல் மேடைக்கு எந்தக் கல்லைப் பதிப்பது என்பதே அது. வீட்டுத் தலைவர் விலையைக் கேட்கிறார். சமைப்பவர் கறை படியுமா என்று கேட்கிறார். பிள்ளைகள் நிறத்தைப் பற்றிக் கேட்கின்றனர். மூன்றும் நியாயமான கேள்விகளே. நாலாவது கேள்வி ஒன்றும் உண்டு. அதனைக் கேட்போர் அரியர். முதலில் அம்மூன்றையும் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இவ்வினாவே எழவில்லை. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்து முகப்பையும் வளவையும் அலங்கரித்தன. முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு சுவர்களைக் கண்ணாடிபோல் மின்னச் செய்தது. ஆயினும், பின்கட்டு அடுப்படியில் பெண்கள் பெரும்பாலும் தரையில் அமர்ந்தே விறகடுப்பில் சமைத்தார்கள். அங்கிருந்த கற்கள் அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலுமே. எரிவாயு அடுப்பு வந்த பின்னரே அடுப்பு மேடையேறியது; சமைப்பவரும் எழுந்து நின்றார். ஆகவே, சமையல் மேடை நம் வீடுகளுக்குப் பிற்காலத்து வரவே ஆகும். அதனைத் தேர்ந்தெடுப்பதில் முன்னோர் வழக்கு நமக்கு அதிகம் துணை செய்யாது. நாமே எண்ணித் துணிதல் வேண்டும்.

நம் சமையலுக்கு மூன்று குணங்கள் உண்டு. அவை புளிப்பு, மஞ்சள், சூடு என்பன. காரக்குழம்புக்குப் புளி கரைக்கிறோம், எலுமிச்சை பிழிகிறோம், மஞ்சள் கலந்த எண்ணெய் தெறிக்கிறது, காய்ந்த தோசைக்கல்லை இறக்கி வைக்கிறோம். இம்மூன்றையும் தாங்குவதே நமக்கு ஏற்ற கல்.

பளிங்கு கண்ணுக்கு இனியது. ஆனால் அது சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. ஒரு துளி எலுமிச்சைச் சாறு விழுந்து சற்று நேரம் கிடந்தால், அவ்விடத்தின் மெருகு அரிக்கப்பட்டு மங்கிவிடும். இது துடைத்து நீக்கக்கூடிய கறையன்று. கல்லே தேய்ந்துபோன வடு. மேலும், கத்தியின் எஃகைவிடப் பளிங்கு மென்மையானது. எளிதில் கீறல் விழும்.

ஆந்திரத்துக் கடப்பைப் பகுதியிலிருந்து வரும் கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்லே. விலை குறைவு என்பதால் பல வீடுகளில் இதுவே மேடையாக அமைந்தது. புளிப்புப் பட்ட இடம் வெளிறுவதும், எண்ணெய் ஊறுவதும் இதன் குறைகள். அலமாரித் தட்டுகளுக்கும் மேடையைத் தாங்கும் அடிப்பலகைக்கும் இது மிகவும் பொருந்தும்.

நம் ஊர்ப் பெருமையாகிய ஆத்தங்குடித் தளக்கல்லை மேடைமீது பதிக்க விரும்புவோர் உளர். மணலும் சிமெண்டும் வண்ணப்பொடியும் கொண்டு, கண்ணாடிப் பலகையின்மேல் வார்த்து, சூளையில் இடாமல் நீரில் ஊறவைத்துச் செய்யப்படுவது அது. நடக்க நடக்க மெருகேறும் தரைக்கு அதற்கு இணை இல்லை. புளியும் எலுமிச்சையும் நாள்தோறும் படும் இடத்திற்கோ சிமெண்டு தாங்காது. அதனை அதற்குரிய இடத்தில் வைத்துப் போற்றுவதே அழகு.

கிரானைட் என்னும் கருங்கல் வகையே நம் சமையலுக்குப் பெரும்பாலும் ஏற்றது. கத்தியால் அதனைக் கீற இயலாது, புளிப்பு அரிக்காது, சூடான பாத்திரத்தைத் தாங்கும். வெளிர்நிறக் கற்களில் மஞ்சள் கறை தெரியும். கருநிறக் கற்களில், உப்புநீர் உள்ள ஊர்களில், வெண்மையான நீர்த்தடம் தெரியும். முக்கால் அங்குலக் கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை இருக்கும். பத்தடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மேடையாயின் 90 கிலோ. ஆதலால் அடியில் தக்க தாங்குதல் இன்றியமையாதது.

வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு துண்டுக் கல் கேட்டு வாங்கி வாருங்கள். அதன்மேல் எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், மஞ்சள் கலந்த எண்ணெய் ஆகியவற்றைத் தனித்தனியே இட்டு ஓர் இரவு விட்டுவையுங்கள். தண்ணீர்த் துளி ஒன்றையும் இடுங்கள். அது பட்ட இடம் விரைவில் கருத்தால், அக்கல் நீரை உறிஞ்சும் இயல்புடையது. சீலர் என்னும் பூச்சு பூச வேண்டும். சாயம் ஏற்றிய கல்லைக் கருங்கிரானைட் என்று விற்பதும் உண்டு. நகப்பூச்சு நீக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கருமை ஒட்டினால் அது சாயமே.

மேடையின் உயரத்தையும் மேஸ்திரியின் வழக்கத்திற்கே விட்டுவிடலாகாது. நாள்தோறும் அங்கு நிற்பவர் முழங்கையை மடக்கி நிற்கட்டும். முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் தாழ்வாக மேடை அமைதல் நன்று. உயரம் தவறினால், அந்தத் தவற்றின் வலியை முதுகும் தோளும் ஆண்டுக்கணக்கில் சுமக்கும்.

இனி, அண்மைக் காலத்தில் பரவிவரும் குவார்ட்ஸ் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது மலையிலிருந்து வெட்டிய கல்லன்று. படிகக்கல்லைப் பொடியாக்கிப் பிசினோடு கலந்து ஆலையில் அழுத்திச் செய்வது. கறை எளிதில் ஊறாது. நிறம் சீராக இருக்கும். ஆனால் பிசின் சூட்டுக்கு அஞ்சும்; காய்ந்த தோசைக்கல்லை நேரே வைத்தால் தழும்பு விழும். இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. நாம் ஒதுக்கி வைத்த நாலாவது கேள்வியும் அதுவே: இக்கல்லை அறுப்பவர் எதனைச் சுவாசிக்கிறார்?

கல்லை அறுக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா என்னும் படிகத் துகள் உள்ளது. பளிங்கில் அது மிகக் குறைவு. கிரானைட்டில் நூற்றுக்கு 20 முதல் 45 பங்கு வரை. குவார்ட்ஸ் பலகையிலோ 90 பங்கிற்கு மேலும் இருக்கக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத அந்நுண்துகள் நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கித் தழும்பை உண்டாக்குகிறது. மூச்சு மெல்ல மெல்லக் குறுகுகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோய் எளிதில் தொற்றவும் அது வழிவகுக்கும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 1997இல் இத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

கல்தச்சர்களின் மார்பு நோயைப் பற்றி இத்தாலிய மருத்துவர் இராமாஸினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அந்நோய் ஒழியவில்லை. மாறாக, சமையல் மேடை வாயிலாகப் புதுப்பலம் பெற்றுத் திரும்பியது. இஸ்ரேல் நாட்டில் செயற்கைக் கல் அறுத்த 25 தொழிலாளர்களின் நோயைப் பற்றி 2012இல் மருத்துவர்கள் அறிக்கை வெளியிட்டனர். ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இளவயதுத் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். முடிவில் ஆஸ்திரேலியா, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து இத்தகைய பலகைகளைச் செய்யவும், விற்கவும், அறுக்கவும், பொருத்தவும் தடை விதித்தது. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாகக் குறித்திருந்தது. ஆனால், நம் வீட்டு முற்றத்தில் குந்தியமர்ந்து கல் அறுக்கும் தொழிலாளியை எந்தத் தொழிற்சாலைச் சட்டம் தேடி வரும்?

நாம் அனைவரும் கண்ட காட்சிதான் அது. மேடைக்கல் வீடு வந்து சேர்கிறது. அடுப்புக்கும் தொட்டிக்கும் துளையிட வேண்டும். இளைஞர் ஒருவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கை இயந்திரத்தால் உலர்ந்த கல்லை அறுக்கிறார். வெண்புகைபோல் தூசி எழுகிறது. வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். பிறகு அவர் தலைமுடியும் புருவமும் வெளுத்து, கிழவரைப்போல் எழுந்து நிற்கக் கண்டு நகைக்கவும் செய்கின்றனர். அவர் கட்டிய துண்டு அந்நுண்தூசியைத் தடுப்பதில்லை என்பதை எவரும் அவருக்குச் சொல்வதில்லை.

இதனைத் தவிர்ப்பது அரிதன்று. கல் வாங்கச் செல்லுமுன்னரே அடுப்பையும் தொட்டியையும் வாங்கிவிடுங்கள். அவற்றின் அளவுகளைத் தாளில் எழுதிப் பட்டறையில் கொடுத்து, எல்லாத் துளைகளையும் விளிம்பு மெருகையும் அங்கேயே, நீர் பாய்ச்சி அறுக்கும் இயந்திரத்தில் முடித்துத் தரச் சொல்லுங்கள். நனைந்த தூசி பறக்காது. அதுவே பெரும் பாதுகாப்பு. துளையின் மூலைகளைச் சற்று வளைவாக அறுக்கச் சொல்லுங்கள். கூர்மூலையிலிருந்தே விரிசல் தொடங்கும். வீட்டில் சிறிதளவு அறுக்க நேர்ந்தாலும் நீர் விட்டு அறுப்பதற்கென்றே அமைந்த இயந்திரமாக இருக்கட்டும். சாதாரண மின்கருவியில் நீர் ஊற்றுவது உயிருக்கு ஆபத்து. தொழிலாளிக்கு என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். விழுந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இதனால் கூலி சற்றுக் கூடலாம். வேலை ஓரிரு நாள் தாமதமாகலாம். முகப்புக் கதவின் வேலைப்பாட்டுக்கு நாம் செலவிடுவதைக் கருதினால் அது ஒரு பொருட்டா?

ஆக, என் முடிபு இதுவே. நம் சமையலுக்குக் கிரானைட் போதும். உங்கள் வீட்டில் சமைப்பவரின் கைக்கும் முதுகுக்கும் ஏற்ற உயரத்தில் அது அமையட்டும். பட்டறையிலேயே நனைத்து அறுக்கப்பட்டதாக இருக்கட்டும். அந்த மேடையில் வேகும் சோறு பல்லாண்டுகள் உங்கள் குடும்பத்தை வாழ்விக்கும். அதை அறுத்துக் கொடுத்தவரும் அத்தனை ஆண்டுகள் மூச்சுத் திணறாமல் தம் மக்களோடு அமர்ந்து உண்ண வேண்டாமா?