விடுதலையும் மருந்தும்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால், மருந்தாவது நான்கு கூறுடையது என்பர் திருவள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அவை. இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய மூன்றும் பயன் தரா. நாட்பட்ட நோயோடு சிறையினின்று வெளிவரும் ஒருவனுக்கு இந்நான்கனுள் எஞ்சுவது யாது? நோயுற்றவன் மட்டுமே எஞ்சுகின்றான். இக்குறையைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தாம்.

அன்னூரில் எம் தெருவினர் ஒருவர், விசாரணைக் கைதியாகச் சிறை ஒன்றில் சில திங்கள் இருந்து, பிணையில் வீடு திரும்பினார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவர்க்கு அங்கேதான் கண்டறியப்பட்டன. மாத்திரையும் நாள்தோறும் தரப்பட்டது. பிணை ஆணை மாலையில் வந்தது. இரவில் அவர் வெளியே வந்தார். கையில் மாற்றுடையும் பேருந்துக் கட்டணமுமே இருந்தன. "சீட்டு உள்ளேயே நின்னு போச்சு கண்ணு" என்று பின்னொருநாள் எம்மிடம் கூறினார். அரசினர் மருத்துவமனை நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தது. ஆயினும், 'இதுவரை எங்கே மருந்து வாங்கினீர்கள்?' என்னும் ஒரு வினாவிற்கு, ஊரார் நிறைந்த வரிசையில் நின்று விடை சொல்ல அவர் நாணினார். மூன்றாம் திங்களில் பக்கவாதம் அவருடைய வலக்கையையும் வலக்காலையும் கொண்டது. அம்மூன்று திங்களும் அவரைத் தெருவிற் கண்டு முகந்திருப்பிச் சென்றோருள் யாமும் உளேம் என்பதை ஒளியாது கூறுகின்றோம்.

கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்ததை நம் நாட்டார் மறந்திலர். அவரோடு 1908ஆம் ஆண்டில் தண்டிக்கப்பெற்ற சுப்பிரமணிய சிவா விடுதலையான வரலாற்றை நினைப்பாரோ சிலரே. 1912ஆம் ஆண்டில் அவர் வெளிவந்தபொழுது தொழுநோயும் உடன் வந்தது. அந்நோயைக் காரணங்காட்டி, அவர் புகைவண்டியில் ஏறலாகாதென்று ஆங்கில ஆட்சியார் தடுத்தனர். அவரோ கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்று தொண்டாற்றி, 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். அந்நாளில் அந்நோயை முற்றும் தீர்க்கும் மருந்தில்லை. 1981ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்த பின்னர் அது தீரும் நோயாயிற்று. அன்று மருந்தில்லாமையால் துன்புற்றனர்; இன்றோ மருந்திருந்தும், சிறைவாயிலுக்கும் மருத்துவமனை வாயிலுக்கும் இடையே வழியில்லாமையால் துன்புறுகின்றனர்.

இதற்குக் காரணம் என்னை? சிறை ஒரு துறையின் கீழும் மருத்துவமனை மற்றொரு துறையின் கீழும் உள்ளன. ஒன்றன் ஏட்டில் எழுதியது மற்றொன்றன் கண்ணிற் படுவது அரிது. அன்றியும், 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவன் வெளிவரும் நாளைக் கணக்கிடலாம். விசாரணைக் கைதி எந்நாள் வெளிவருவான் என்பதை யாரே அறிவர்? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சிறைகளினின்று வெளிவந்த முப்பதினாயிரவரை ஆராய்ந்த மருத்துவர்கள், முதல் இரு வாரங்களில் அவர்களுடைய இறப்பு விகிதம் ஏனை மக்களினும் 12 மடங்கிற்கு மேற்பட்டதென 2007ஆம் ஆண்டில் எழுதினர். அங்குப் பெருங்காரணம் போதை மருந்தாயினும், இதயநோயும் அதனை அடுத்து நின்றது.

'நேர்மையாய் வாழும் ஏழைக்கே மருந்து கிட்டாதபொழுது, குற்றவாளிக்கு ஏன்?' என்று வினவுவார் உளர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், விசாரணைக் கைதி இன்னும் குற்றவாளி அல்லன். குற்றவாளிக்கும் நீதிமன்றம் விதித்தது காவலேயன்றி நோயன்று. மேலும், காசநோய்க்கு ஆறு திங்கள் இடைவிடாது மருந்துண்ணல் வேண்டும். இடையில் நின்றால் மருந்துக்கு அடங்காத காசம் தோன்றக்கூடும். அது காற்றிற் பரவுங்கால் நேர்மையாளனையும் விலக்குமோ? நெல்சன் மண்டேலா 1988ஆம் ஆண்டில் சிறையிலிருக்கும்பொழுதே காசநோயுற்றவர். அவர் பெயரால் ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டில் ஏற்ற விதிகள், சிறை மருத்துவம் பொது மருத்துவத்தோடு இணைந்து, சிகிச்சை தொடர்ந்து நடைபெறுதல் வேண்டும் என்கின்றன.

செய்யத்தக்கன அரியவும் அல்ல. நோயுற்ற ஒவ்வொரு கைதிக்கும் மருத்துவக் குறிப்பைத் திங்கள்தோறும் எழுதி வைப்பின், பிணை எந்த மாலையில் வரினும் அது கையில் கொடுக்க ஆயத்தமாயிருக்கும். அதனோடு ஒரு திங்களுக்குரிய மருந்தும் கொடுத்தல் வேண்டும். குறிப்பில் சிறையின் பெயர் வேண்டா. நோயும் மருந்தும் போதும். 2021ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி மாத்திரை கொணர்கின்றது. நோயாளியின் இசைவு பெற்று அவர் பெயரை அதன் பணியாளர்க்குத் தெரிவித்தால், வரிசையில் நின்று நாணும் துன்பமும் நீங்கும்.

மூன்று கூறுகளை அரசினர் அளித்தல் கூடும். அருகிருப்போனாகிய நான்காங் கூறு எங்கிருந்து வரும்? மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் நோயாளியும் சிறைப்பட்டவனும் அடுத்தடுத்து நிற்கின்றனர். அவ்விருவரும் ஒருவராகவே எம் தெருவில் வந்து நின்றபொழுது யாம் அறிந்திலேம். இப்பொழுது வாரந்தோறும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றோம். இழந்த கையின் வலிமை மீளவில்லை. நண்பர்காள், நும் தெருவிற்கும் அத்தகையார் ஒருவர் திரும்பி வருவர். மூன்று திங்கள் காத்திராது முதல் நாளிலேயே சென்று, 'மருந்து இருக்கின்றதா?' என்று கேண்மின்.