அடித்தளம் என்று புகழ்பவர்கள்

‘ஃபவுண்டேஷன்’ என்ற ஒரே சொல்லை வைத்து ஆங்கிலம் எத்தனை வேலை வாங்குகிறது! கட்டடத்துக்கு அஸ்திவாரம், பணக்காரர் பெயரில் அறக்கட்டளை, கல்லூரி முதலாண்டில் ஒரு பாடம், முகத்தில் பூச ஒரு கிரீம். (அந்தக் கிரீமையும் நம் ஊர் நிறவெறியையும் பற்றித் தனியாகவே எழுதலாம்.) இவை எதுவும் யாரையும் கொல்வதில்லை. அந்தச் சொல் மனிதர்களைப் பாராட்டும்போதுதான் நாம் பயப்பட வேண்டும்.

1936 நவம்பரில் ‘ஹரிஜன்’ இதழில் காந்தி, மலம் அள்ளும் பங்கியே சமூகத்தின் எல்லாச் சேவைகளுக்கும் ஃபவுண்டேஷன் என்று எழுதினார். இலட்சியப் பங்கி தான் அள்ளும் மலத்தின் தன்மையைக் கவனித்து, வீட்டுக்காரருக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டுமாம்! பங்கியின் பிள்ளை அந்த வேலையை விட்டு வெளியேறும் வழிக்கு அந்த இலட்சியத்தில் இடமில்லை.

அதே ஆண்டு மே மாதம். லாகூரில் ஜாத்பட் தோடக் மண்டல் ரத்து செய்த மாநாட்டுக்கென எழுதிய உரையை அம்பேத்கர் தன் செலவிலேயே அச்சிட்டார். அதிலும் இதே சொல் வருகிறது. சாதியை அஸ்திவாரமாக வைத்துத் தேசத்தையும் எழுப்ப முடியாது, ஒழுக்கத்தையும் எழுப்ப முடியாது என்பது அவர் வாதம். காந்திக்கு அஸ்திவாரம் என்றால் மனிதர்கள். அம்பேத்கருக்கு அது தகர்க்க வேண்டிய அமைப்பு. அஸ்திவாரத்துக்கு இருக்கும் ஒரே கடமை, மேலே இருப்பதைச் சுமந்துகொண்டு அசையாமல் மண்ணுக்குள் கிடப்பது. ஒரு மனிதரை அப்படி அழைப்பது எந்த ஊரில் மரியாதை?

கொரோனா காலத்தில் தூய்மைப் பணியாளர்களுக்குப் பாத பூஜை செய்தார்கள், மாலை போட்டார்கள். 2025 ஆகஸ்டில் அதே பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியார்மயத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் சென்னை ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றியது. அடித்தளம் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

மலம் அள்ளவைப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது 2013-இல். பத்தாண்டு கழித்து உச்ச நீதிமன்றம், சாக்கடைக் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தடை செய்த வேலையில் சாவு நின்றிருந்தால் இந்தத் தொகையை உயர்த்தும் தேவையே வந்திருக்காது.

மே தின மேடையில் இனி எந்த அமைச்சராவது “நீங்கள்தான் இந்த நகரத்தின் அடித்தளம்” என்று தொடங்கினால், கைதட்டாமல் எழுந்து கேளுங்கள், தோழர்களே: பணி நிரந்தர ஆணை எந்தத் தேதியில் வரும்?