கோப்புப் பட்டியலும் படிப்பவர் சௌகரியமும்

திருப்பூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் செல்லும் சாலை கோவை–சேலம் நெடுஞ்சாலையைச் சந்திக்கும் பெருமாநல்லூரிலும், அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் பனியன் தொழில் நடைபெறும் விதத்தைக் கவனித்தவர்கள், அங்கே ஓர் ஆடை ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம் என்பதை அறிவார்கள். நூல் ஓரிடத்தில் துணியாகி, வேறோரிடத்தில் சாயமேறி, இன்னோரிடத்தில் பிரிண்ட் பெற்று, கட்டிங் முடிந்து, பவர் டேபிள்காரரிடம் தையலுக்குப் போய், செக்கிங்கும் அயர்னிங்கும் கண்டு பெட்டியில் அடைபடும் வரையில், அந்தத் துணியோடு கூடவே அளவுச் சீட்டும், வர்ண விவரமும், பிரிண்டுக்குரிய படமும், ஆர்டர் தந்த பையர் சொன்ன திருத்தங்களும் கைமாறிக்கொண்டே செல்கின்றன. அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி இன்று கணினிக் கோப்புகளாகிவிட்டது. பழைய அளவுச் சீட்டைப் பார்த்து வெட்டிய துணியை மறுபடி ஒட்டவைக்க எவராலும் இயலாதாகையால், கோப்புகளின் பட்டியல் எவ்வாறு அமைய வேண்டும் என்ற விஷயத்தைக் கணினி நிபுணர்களுக்கு மட்டுமே விட்டுவிடுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

அத்தகைய பட்டியலைக் காட்டும் கருவி ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். யான் நெஷ்கே என்ற ஜெர்மானியர், ஒரே சமயத்தில் பதினாயிரம் பேர் வந்து கேட்டாலும் தளராத ஒரு வெப் சர்வரை எழுதிக் காட்ட வேண்டும் என்ற நோக்கத்துடன் 2003-இல் வெளியிட்ட மென்பொருளை, ‘லைட்டி’ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அது மிகக் குறைந்த நினைவகத்தில் இயங்கக்கூடியது, இலவசமாகவே கிடைப்பது. அலுவலக மூலையில் இருக்கும் பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும். முகப்புப் பக்கம் இல்லாத ஒரு ஃபோல்டரை ஒருவர் கேட்கும்போது, அதிலுள்ள கோப்புகளின் பெயர், கடைசியாக மாற்றிய தேதி, அளவு ஆகியவற்றைத் தானே பட்டியலாக வரைந்து காட்டும் வசதியும் அதில் உண்டு. நிறுவியவுடன் அந்த வசதி மூடியே இருக்கும்; வேண்டுபவர்தான் அதைத் திறந்துகொள்ள வேண்டும். திறப்பது ஒரே ஒரு வரிதான். அந்த வரியோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

அவ்வாறு வரும் பட்டியல், கோப்புகளை அங்கே வைத்தவருக்குப் புரியும். ஸ்டைல் நம்பரை மட்டும் அறிந்த பேட்டர்ன் மாஸ்டருக்கும், கடைசி நேரத்தில் வந்து நிற்கும் பிரிண்டிங் பட்டறைக்காரருக்கும் அது புரிய வேண்டிய அவசியம் இல்லையா? சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தபோது, படிப்பவரின் நேரத்தைக் காப்பதை அவற்றுள் நான்காவதாக வைத்தார். புத்தகங்களுக்குச் சொன்ன அந்த விதி கோப்புகளுக்கும் பொருந்தும் என்பதற்கு நம்மிடையே ஒரு நல்ல சாட்சியும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் முதலானோர் 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில், ஒவ்வொரு நூலின் கோப்பும் நூலின் பெயரை அல்ல, ஓர் எண்ணையே தன் பெயரில் தாங்கி நிற்கிறது. எண்ணைக் கண்டு எவராலும் நூலை அறிய முடியாது. ஆனால் எண்ணுக்கு எதிரே நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தமிழில் எழுதி வைத்திருப்பதால், உலகின் எந்த மூலையிலுள்ள தமிழரும் தமக்கு வேண்டியதைச் சிரமமின்றி எடுத்துக்கொள்கிறார்கள். இயந்திரத்துக்கு எண், மனிதருக்கு விளக்கம் என்ற அந்தப் பிரிவினை, ஸ்டைல் நம்பர்களால் நிரம்பிய பனியன் கம்பெனிக்கு அப்படியே பொருந்துவதாகும்.

இதைச் செய்வதற்கு லைட்டியே இடம் தருகிறது. ஃபோல்டருக்குள் ‘ஹெடர்’ என்ற பெயரில் ஓர் எழுத்துக் கோப்பை வைத்து, அதற்குரிய அமைப்பையும் இயக்கிவிட்டால், அதிலுள்ள வாசகம் பட்டியலுக்கு மேலே தோன்றும். ‘ரீட்மீ’ என்ற கோப்பு அவ்வாறே கீழே தோன்றும். எந்த ஆர்டர், எந்தச் சாம்பிள் அங்கீகாரம் பெற்றது, சந்தேகம் வந்தால் எவரைக் கேட்பது என்பதை மேலே நான்கு வரிகளில் தமிழில் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எழுத்துகளைப் பெரிதாக்கவும் வரிகளை இடைவெளி விட்டு அமைக்கவும் தனியாக ஒரு ஸ்டைல் ஷீட்டைச் சுட்டிக்காட்டலாம். தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வர, எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று இருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வரிசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். நம் அகராதி வரிசையில் பச்சை, பழுப்பு, பனியன் என்றே வரும். னகரம் நமக்குக் கடைசி மெய். யூனிகோடிலோ னகரம் நகரத்தை அடுத்தே அமர்ந்திருப்பதால், எழுத்தின் குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கும் சர்வர், பனியனைப் பழுப்புக்கு முன்னால் வைத்துவிடும். தேதியையும் முழுதாக நம்புவதற்கில்லை. ஒரு கோப்பைப் பிரதி எடுத்த மாத்திரத்தில் அதன் தேதி மாறிவிடக்கூடும். ஆகவே, ‘ஃபைனல்’ என்றும் ‘நியூ ஃபைனல்’ என்றும் பெயரிட்டுக் குழம்பாமல், ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் தேதியைக் கோப்பின் பெயரிலேயே முதலில் எழுதிவிடுவது உத்தமம். அப்பொழுது எந்த இயந்திரமும் காலக்கிரமத்தைத் தவறவிடாது.

இவை யாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. பட்டியலில் சில பெயர்களைக் காட்டாமல் விடும் வசதி லைட்டியில் இருக்கிறது. அதைப் பாதுகாப்பு என்று எண்ணுவது பெருந்தவறு. பெயர் மறைந்தாலும் கோப்பு மறைவதில்லை. முகவரியை அறிந்தவர் அதை நேராகவே எடுத்துக்கொள்ளலாம். இணையத்தை நோக்கித் திறந்து கிடக்கும் இத்தகைய பட்டியல்கள் ‘இன்டெக்ஸ் ஆஃப்’ என்ற ஒரே தலைப்பைத் தாங்கி நிற்பதால், தேடுபொறியில் அந்தச் சொற்களை இட்டே அவற்றைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பையர் நம்பி ஒப்படைத்த டிசைன், அடுத்த பருவத்துக்கு முன்பே அயலார் கையில் சேருமானால், அந்த நம்பிக்கையை எந்த விலைக்குறைப்பாலும் மீட்க முடியாது. கடவுச்சொல் கேட்டு அனுமதிக்கும் முறையும், குறிப்பிட்ட கோப்புகளை அடியோடு மறுக்கும் முறையும் அதே லைட்டியில் தனித்தனி அமைப்புகளாக உள்ளன. அவற்றை உபயோகிக்காமல் பட்டியலை மட்டும் அலங்கரிப்பதில் பிரயோஜனமில்லை.

ஆகவே, பெருமாநல்லூர் வட்டாரத்துக் கம்பெனி உரிமையாளர்கள் தங்கள் சிஸ்டம் பொறுப்பாளரை அழைத்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நம் கோப்புப் பட்டியல் வெளியார் கண்ணுக்குத் தெரிகிறதா? நம்மிடம் வேலை செய்யும் கட்டிங் மாஸ்டரால், பிறர் துணையின்றி அதைப் படித்து, வேண்டிய அளவுச் சீட்டை எடுத்துக்கொள்ள முடிகிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்றும், இரண்டாவதற்கு ஆம் என்றும் பதில் வரும் வரையில் அந்த வேலையை முடிந்ததாக ஏற்க வேண்டாம்.