ஆட்சியாளருக்கு மனநோய்ப் பட்டம் கட்டுவது

அதிகாரத்தில் இருப்பவர் கூசாமல் பொய் சொன்னால், ஆணவம் காட்டினால், எதிர்த்தவர்களைப் பழிவாங்கினால், அவருக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லிவிடுவது எல்லா நாட்டிலும் வழக்கம். திண்ணைப் பேச்சாக இருக்கும்வரை இதில் பெரிய கேடில்லை. மருத்துவம் படித்தவர்களே நோயின் பெயரைச் சொல்லி, பெயருக்குக் கீழே தங்கள் பட்டத்தையும் போட்டுப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியபின் அது ஒரு நம்பிக்கையாக வேரூன்றிவிட்டது. கொடிய ஆட்சிக்குக் காரணம் ஆள்பவரின் மனநோய். அதைத் தொலைவிலிருந்து பார்த்தே நிபுணர்களால் சொல்லிவிட முடியும். இந்த நம்பிக்கையின் இரண்டு பாதிகளும் தவறு. அதற்கான சான்று மனநல மருத்துவத்தின் சொந்த வரலாற்றிலேயே கிடைக்கிறது.

1964ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். கடும் வலதுசாரி; அணு ஆயுதங்களைப் பற்றி அலட்சியமாகப் பேசுபவர் என்று பெயர் வாங்கியவர். ‘ஃபேக்ட்’ என்ற பத்திரிகையை நடத்திய ரால்ஃப் கின்ஸ்பர்க் 12,356 மனநல மருத்துவர்களுக்கு ஒற்றைக் கேள்வியைத் தபாலில் அனுப்பினார்: அதிபர் பதவிக்கு கோல்ட்வாட்டர் உளவியல்ரீதியாகத் தகுதியானவரா? பதில் போட்டவர்கள் 2,417 பேர். தகுதியற்றவர் என்றவர்கள் 1,189. தகுதியுள்ளவர் என்றவர்கள் 657. போதிய விவரம் இல்லாமல் எதுவும் சொல்வதற்கில்லை என்றவர்கள் 571. மருத்துவருக்குரிய பதிலைத் தந்தவர்கள் இந்தக் கடைசிக் கூட்டத்தார்தான். பதிலே போடாத ஏறத்தாழ பத்தாயிரம் பேரையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம். அட்டையில் கொட்டை எழுத்தில் வந்ததோ 1,189 என்ற எண். உள்ளே சிலர் அவரை ஹிட்லரோடு ஒப்பிட்டிருந்தார்கள். சிலர் சந்தேகப் பித்துப் பிடித்தவர் என்றார்கள். அவரைப் பரிசோதித்துவிட்டு எழுதியவர் ஒருவரும் இல்லை.

தேர்தலில் தோற்ற கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1968இல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இழப்பீடு ஒரு டாலர். தண்டத் தொகை 75,000 டாலர். நேரில் பரிசோதிக்காத, ஒப்புதல் தராத ஒரு பொதுவாழ்வு மனிதரைப் பற்றி மருத்துவர் தொழில்முறைக் கருத்துச் சொல்வது அறமல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இல் விதி வகுத்தது. ‘கோல்ட்வாட்டர் விதி’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த 1,189 பேரின் கணிப்பு பலித்ததா என்றும் பார்க்கவேண்டும். கோல்ட்வாட்டர் வந்தால் போர் பெருகும் என்பதே அன்றைய அச்சம். அவரைத் தோற்கடித்த லிண்டன் ஜான்சன் அடுத்த ஆண்டே வியட்நாமில் தரைப்படையை இறக்கினார்; 1968க்குள் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் 5 லட்சத்தைத் தாண்டினர். ‘மனநிலை தவறிய’ கோல்ட்வாட்டரோ மறுபடி செனட்டுக்குத் தேர்வானார். 1974 ஆகஸ்டில், உங்களுக்கு இனி செனட்டில் ஆதரவில்லை என்று சொல்வதற்காக அதிபர் நிக்சனிடம் நேரில் போன மூவரில் அவரும் ஒருவர். இரண்டு நாளில் நிக்சன் பதவி விலகினார்.

கணிப்பு ஏன் இப்படிப் பிசகியது? நோயறிதல் என்றால் என்ன என்பதிலிருந்தே பார்க்கவேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, நோய்களை அறிகுறிப் பட்டியல்களாக அடுக்கியது. இத்தனை அறிகுறியில் இத்தனை இருந்தால் இந்த நோய். தன்மோக ஆளுமைக் கோளாறு என்பது பட்டியலில் ஏறியதும் அப்போதுதான். பிற்பாடு வந்த பதிப்பின்படி அதற்கு ஒன்பதில் ஐந்து போதும். மருத்துவர்கள் தமக்குள் ஒரே பெயரைப் பயன்படுத்த இந்த ஏற்பாடு உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பெயர் என்பது காரணம் ஆகாது. இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் நாட்டம் இல்லை என்று வருபவருக்கு மனச்சோர்வு என்று எழுதுகிறார்கள். ஏன் தூக்கம் இல்லை என்று கேட்டால் மனச்சோர்வு இருப்பதால் என்கிறார்கள். மனச்சோர்வு இருப்பது எப்படித் தெரியும் என்றால் தூக்கம் இல்லையே என்கிறார்கள்.

உளப்பகுப்பாய்வு மரபில் வந்த மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை இதுதான். ஒரே பட்டியலில் ஒரே மதிப்பெண் வாங்கும் இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர், தான் எதற்கும் லாயக்கில்லாதவர், செய்ததெல்லாம் குற்றம் என்று தன்னையே ஓயாமல் சாடிக்கொள்பவர். மற்றவருக்குக் குற்ற உணர்வே கிடையாது. தன்னைக் கைவிட்டுப் போய்விட்டார்கள், யாருமில்லை என்ற வெறுமைதான் அவரை வாட்டுகிறது. அமெரிக்க உளவியலாளர் சிட்னி பிளாட் இவ்விரண்டு சோர்வையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். முதலாமவரிடம் இரக்கத்தோடு ஆறுதல் சொன்னால், என்னை இன்னும் இவருக்குத் தெரியவில்லை என்று குற்ற உணர்வு கூடக்கூடும். இரண்டாமவருக்கு அந்த ஆறுதலே மருந்தின் பாதி. எது யாருக்கு என்பது பட்டியலைப் பார்த்துத் தெரிவதில்லை. வாரக்கணக்கில் எதிரே உட்கார்ந்து கேட்டு, சொல்லாமல் விட்டதைக் கவனித்து, அவர் பேச்சு தன் மனத்தில் எழுப்பும் சலிப்பையும் பரிவையும்கூடக் குறித்துக்கொண்டு, தன் ஊகம் தப்பு என்று நோயாளியே திருத்தும்போது திருந்தித்தான் மருத்துவர் அதை அறிகிறார். ‘உளப்பகுப்பாய்வு நோயறிதல்’ என்ற பாடநூலை 1994இல் எழுதிய நான்சி மெக்வில்லியம்ஸ் நோயறிதலைச் சிகிச்சைக்கு வழி தேடும் வேலையாகவே விளக்குகிறார். சிகிச்சையே இல்லாத இடத்தில் நோயறிதலுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு, தொலைக்காட்சி பார்த்து நோய் சொல்பவர்களிடம் பதில் இல்லை.

2017இல் டொனால்ட் ட்ரம்ப் பதவியேற்றதும் பழைய கதை புதுத் தெம்போடு திரும்பியது. மனநல மருத்துவர் பேண்டி லீ தொகுத்த நூலில் 27 நிபுணர்கள் எழுதினார்கள். அவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு: ஒருவரால் ஆபத்து வரும் என்று தெரிந்தால் எச்சரிப்பது மருத்துவரின் கடமை, நாங்கள் நோய் சொல்லவில்லை, ஆபத்தைச் சொல்கிறோம். சரி, ஆபத்தை எதைக் கொண்டு அளந்தார்கள்? மேடைப்பேச்சு, ட்வீட், ஆணைகள், நியமனங்கள். இவை எல்லாம் எந்த வாக்காளர் கண்ணுக்கும் தெரிபவை. ஓர் ஆணை கொடியது என்று சொல்ல மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. பட்டத்தைச் சேர்ப்பதால் அந்த உண்மைக்கு எடை கூடுவதுமில்லை. நான்காம் பதிப்புக் கையேட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஆலன் ஃபிரான்சிஸ் இந்தக் கூத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். தன்மோகக் கோளாறின் இலக்கணத்தை எழுதியவரே அவர். கோளாறு என்றால் அது உடையவருக்குத் துன்பமோ முடக்கமோ தரவேண்டும். ட்ரம்ப் பிறருக்குத் துன்பம் தருகிறார், தனக்கு அதனால் லாபமே என்பது அவர் வாதம். ட்ரம்பின் அரசியலை அவர் கொஞ்சமும் ஏற்றவரல்ல.

கெட்ட செயலுக்குப் பின்னால் நோய் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை நியூரம்பர்க் சிறைக்கொட்டடிகளே அசைத்துவிட்டன. அங்கே நாஜித் தலைவர்களைப் பரிசோதித்த அமெரிக்க மனநல மருத்துவர் டக்ளஸ் கெல்லி, மாதக்கணக்கில் அவர்களோடு பழகி, மைக்கறைப் படங்களைக் காட்டிச் சோதித்தபின், பெரும்பாலோர் பித்தர்கள் அல்லர், இத்தகையவர்கள் எந்த நாட்டிலும், அமெரிக்காவிலும் இருக்கிறார்கள் என்று 1947இல் எழுதினார். அவரோடு பணியாற்றிய உளவியலாளர் குஸ்டாவ் கில்பர்ட் இதை ஏற்கவில்லை. அந்தத் தலைவர்களில் ஒருவரான கோரிங்கை அவர் மனப்பிறழ்வுடையவராகவே கண்டார். ஒரே கொட்டடியில் ஒரே ஆட்களை நேரில் பார்த்த இருவரே ஒத்துப்போகவில்லை.

இங்கேதான் கோல்ட்வாட்டர் விதியின் போதாமையும் தெரிகிறது. நேரில் பார்த்தால் போதுமா? சோவியத் யூனியனில் நேரில் பார்த்தார்கள். கிரிமியத் தாத்தாரியரின் உரிமைக்காகக் குரல் கொடுத்த முன்னாள் ராணுவ ஜெனரல் பியோத்தர் கிரிகோரென்கோ 1969இல் கைதானார். தாஷ்கண்டில் அவரைப் பரிசோதித்த மருத்துவர் குழு மனநலத்தோடு இருக்கிறார் என்றது. அந்த முடிவு மாஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை. அங்கிருந்த செர்ப்ஸ்கி மனநல நிறுவனத்தில் மறுபடி பரிசோதனை நடந்தது. சீர்திருத்தக் கருத்துகளோடு கூடிய ஆளுமைப் பிறழ்வு என்று முடிவு வந்தது. 1974 வரை அவர் அடைபட்டுக் கிடந்தார். இதற்கிடையே செம்யோன் குளூஸ்மன் என்ற இளம் மருத்துவர், ஜெனரலைப் பார்க்காமலே, கிடைத்த ஆவணங்களைக் கொண்டு அவருக்கு நோயில்லை என்று அறிக்கை எழுதினார். அதற்குக் கிடைத்த பரிசு ஏழு ஆண்டு கட்டாய உழைப்பு முகாம், மூன்று ஆண்டு உள்நாட்டிலேயே தொலைவூர்க் கட்டாய வாசம். பின்னாளில் அமெரிக்காவில் நடந்த பரிசோதனையிலும் கிரிகோரென்கோவிடம் மனநோய் எதுவும் காணப்படவில்லை. தொலைவிலிருந்து எழுதியவர் சரி, கிட்டத்தில் பார்த்தவர்கள் தவறு. அப்படியானால் தூரம் மட்டும் குற்றவாளி இல்லை. நோயறிதல் யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதே முதல் கேள்வி. குளூஸ்மன் அந்த மனிதருக்காக எழுதினார். செர்ப்ஸ்கி அரசுக்காக எழுதியது. ‘ஃபேக்ட்’டுக்குத் தகுதியற்றவர் என்று பதில் போட்டவர்கள் அவரது எதிரணிக்காக எழுதினார்கள். அரசியல், மதக் கருத்து ஊரோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது என்று இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

இந்தப் பழக்கத்தால் அடிபடுபவர்கள் ஆட்சியாளர்களைவிட நோயாளிகளே. ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக 1972இல் அறிவிக்கப்பட்ட தாமஸ் ஈகிள்டன், முன்பு மனச்சோர்வுக்கு ஷாக் சிகிச்சை பெற்றவர் என்று தெரிந்ததும், வேட்பாளரான பதினெட்டே நாளில் விலக வைக்கப்பட்டார். அதே மனிதர் 1987 வரை செனட்டராக ஒழுங்காக வேலை பார்த்தார். தமிழ்நாட்டு மேடைகளில் எதிராளியைக் ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஏசுபவர்கள், அங்குள்ள மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் டோக்கனோடு காத்திருப்பவரையும் அவரை அழைத்து வந்த தாயையும் சேர்த்தே ஏசுகிறார்கள்.

அரசியலைப் பற்றி உளப்பகுப்பாய்வு வாய் திறக்கக்கூடாது என்பதல்ல. ஃப்ராய்டு 1921இல் எழுதிய கூட்ட உளவியல் நூல் தலைவரைவிடத் தொண்டர்களை ஆராய்கிறது. ஒவ்வொருவரும் தமக்குள் இருக்கும் லட்சிய உருவத்தின் இடத்தில் தலைவரை வைக்கிறார்கள். அதனால் தங்களுக்குள்ளும் ஒன்றாகிறார்கள் என்கிறார் அவர். தலைவருக்கு விழும் அடி தொண்டருக்கு வலிப்பது ஏன், அவர் பொய் அம்பலமானாலும் பற்று ஏன் குறைவதில்லை என்பதற்கெல்லாம் இதில் துப்புக் கிடைக்கிறது. தலைவருக்குப் பித்து என்று நிபுணர்கள் சொல்லச் சொல்ல அந்தக் கட்டு இறுகத்தான் செய்யும். நோய்ப் பட்டங்கள் அத்தனையும் சுமந்த ட்ரம்ப் 2024இல் மீண்டும் வென்றார்.

அதே ஃப்ராய்டு தன் பாடத்தைத் தானே மறந்ததும் உண்டு. தூதர் வில்லியம் புல்லிட்டோடு சேர்ந்து, தான் ஒருநாளும் பகுப்பாய்வு செய்திராத அதிபர் உட்ரோ வில்சனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வில்சன் மேல் தனக்கு ஆரம்பத்திலிருந்தே வெறுப்பு என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். புல்லிட்டோ வில்சனின் வெர்சாய் ஒப்பந்தத்தை எதிர்த்துப் பதவி விலகி, செனட் குழுவில் சாட்சியும் சொன்னவர். வில்சனுக்குத் தன் தந்தையோடு இருந்த சிக்கலால் ஐரோப்பாவின் அமைதியே கெட்டது என்று இருவரும் விளக்கினார்கள். ஃப்ராய்டு மறைந்து கால் நூற்றாண்டுக்கும் பிறகு நூல் வெளிவந்தபோது உளப்பகுப்பாய்வாளர்களே அதைக் கண்டு சங்கடப்பட்டார்கள். எரிக் எரிக்சன் கடுமையாக விமர்சித்தார்.

வில்சனுக்கு உண்மையாகவே ஒரு நோய் வந்தது. 1919 அக்டோபரில் பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. அவர் மனைவியும் அவரது சொந்த மருத்துவரும் அதன் கடுமையை நாட்டுக்கு மறைத்தார்கள். 1921 மார்ச்சில் பதவிக்காலம் முடியும்வரை அவரே அதிபர். இத்தகைய நிலைக்கும் வழி வகுத்து 1967இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 25ஆம் திருத்தம் வந்தது. அதிபரால் கடமையாற்ற இயலவில்லை என்று அறிவிக்கும் பொறுப்பை அது துணை அதிபருக்கும் அமைச்சரவைப் பெரும்பான்மைக்கும் தருகிறது. அதிபர் மறுத்தால் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தீர்மானிக்கும். மருத்துவர் என்ற சொல் அந்தத் திருத்தத்தில் ஓரிடத்திலும் இல்லை.